அரை இன்ச்

புதுச் சட்டைக்காகக் கணவனின் தோள் உச்சியிலிருந்து இடுப்புவரை டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். இடது பக்கம் பதினேழரை. வலது பக்கமும் பதினேழரை.

தையல்காரியின் கை அப்படியே நின்றது. கல்யாணமான முதல் வருஷமே ஏணியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்ததில் அவள் கணவனுக்கு வலது தோள் அரை இன்ச் இறங்கிப்போயிருந்தது. அது வெளியே தெரியாமலிருக்க, பதினெட்டு வருஷமாக அவன் சட்டைகளுக்கெல்லாம் அந்தப் பக்கம் மட்டும் உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். பத்து நாள் வெளியூரில் பெயின்ட் வேலை முடித்து நேற்றுதான் திரும்பியிருந்தான்.

"டேப் பழசாயிடுச்சு போல," என்றாள்.

"வேற டேப்ல பாரு," என்றான், சுவரைப் பார்த்தபடியே.

வேறு டேப்பிலும் அதேதான். கை நீளம், மணிக்கட்டு, கழுத்திலிருந்து தோள் என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவன் முதுகில் கோடு கோடாக இழுத்திருக்க, எத்தனை தடவை குளித்தாலும் அவனை விட்டுப் போகாத, பெயின்ட்டில் கலக்கும் டர்பன்டைன் நெடியைத் தேடி மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனாள். நெடி இல்லை. வியர்வை வாடைகூட இல்லை. எத்தனை ஆயிரம் பேரை அளந்திருப்பாள்! இரண்டு பக்கமும் நூல் பிசகாமல் ஒத்துப்போன ஒரு மனுஷரை அவள் கண்டதே இல்லை.

பக்கத்து அறையில் மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வலது தோள் இப்போ எப்படியிருக்கு?" வேண்டுமென்றேதான் கேட்டாள்.



"வலது தோளா? அது எப்படி இருக்கணும்?"

சிரித்து மழுப்பப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க. எப்பவும் கொஞ்சம் இறங்கியிருக்கும்ல..."

சொல்லியிருக்கக் கூடாது.

"எவ்வளவு?"

விளையாட்டுக் குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"அரை... அரை இன்ச்."

அவள் உள்ளங்கைக்குக் கீழே தோள் அசைந்தது. மெதுவாக. எலும்பு இருக்க வேண்டிய இடம் குழைந்தது. கால் இன்ச். அரை.

நிற்கவில்லை.

உள்ளே படிப்புச் சத்தம் நின்றது. "அப்பா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

"இரும்மா. அம்மா அளவு சொல்லட்டும், வந்துடறேன்."

திரும்பாமலேதான் சொன்னான். தோள் இறங்கிக்கொண்டிருந்தது. விலாவைத் தாண்டி. டேப் அவள் கையிலிருந்து நழுவியது. வாய் திறந்தது. குரல் வரவில்லை.

தோள் இடுப்புக்கு வந்துவிட்டது. இன்னும் இறங்கியது.

"போதும்னா சொல்லு."