கழுத்தில் குடியேறியது

அவள் கைகளை மூன்றாவது முறையாகக் கழுவிவிட்டு வந்தும் கதிரியக்க மீட்டர் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குக் கதிரியக்க அயோடின் மருந்து நிரப்பித் தரும் அந்த ஆய்வுக்கூடத்தில், வேலை முடிந்து கிளம்பும் யாரும் அந்த மீட்டரால் உடம்பைச் சோதித்துக்கொள்ளாமல் போக முடியாது. கை, சட்டை, செருப்பு, தலைமுடி, எங்கும் அது சும்மாதான் இருந்தது. வழக்கமாகச் சோதிக்காத கழுத்தருகே இன்று கொண்டு போனதும், தகரத்தில் அரிசியைக் கொட்டியது போலப் படபடத்தது.

"மீட்டர் பழசு. ஆஃப் பண்ணிட்டுக் கிளம்புங்க," என்றார் மேற்பார்வையாளர், தலையைத் தூக்காமலே.

"சார், நாலு நாளைக்கு முன்னாடி குப்பி உடைஞ்சப்போ, ஆவியை இழுக்கிற ஃபேன் ஓடுச்சுதானே?"

அவர் பேனாவை மூடினார். "அது ரெண்டு வாரமா ஓடல. வெளியில வாயைத் திறந்தீங்க, குப்பியை உடைச்சதே நீங்கதான்னு எழுதிடுவேன்."

அவள் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் இடம் இருந்தும் யார் பக்கத்திலும் உட்காராமல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தைராய்டு சுரப்பிக்கு நல்ல அயோடின், கெட்ட அயோடின் என்ற பேதம் தெரியாது. கிடைத்ததை எல்லாம் வாரி உள்ளே வைத்துக்கொள்ளும். அதை நம்பித்தான் மருந்தே. நோயாளியின் சுரப்பியை உள்ளிருந்தபடியே கருக்கும் மருந்து.

எச்சில் விழுங்கினாள். தொண்டையில் வலி இல்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது.

கதவைத் திறந்த மாமியார், "என்னம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு? பாப்பா அழுது அழுது இப்பதான் தூங்குனா. முழிச்சதும் பால் குடு," என்றாள்.

பால்.

கழுத்து மட்டும் அயோடினை இழுப்பதில்லை. பயிற்சி வகுப்பில் எப்போதோ காதில் விழுந்தது. மார்பும் இழுக்கும். பாலில் இறக்கும்.

அறைக்குள் போய்த் தாழிட்டாள். மீட்டரை மார்பில் வைத்தாள். படபடத்தது.

நாலு நாள். காலையும் ராத்திரியும். அழுதபோதெல்லாம்.

தொட்டிலருகே போனாள். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத அந்தக் கழுத்தருகே மீட்டரை நீட்டினாள்.

படபடப்பு இல்லை. இடைவெளியே இல்லாத ஒரே இரைச்சல்.

சத்தத்தில் குழந்தை விழித்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. பிறகு பசியில் உதட்டைப் பிதுக்கி வீறிட்டது.

அவள் சுவர்வரை பின்வாங்கினாள். இரண்டு கைகளாலும் மார்பை இறுக அழுத்திக்கொண்டாள்.

அழுகுரல் கேட்ட மாத்திரத்தில், விரல்களின் இடுக்கு வழியாக, பால் தானாகச் சுரந்து சட்டையை நனைத்தது.