தேதி இல்லாத மூன்று கடிதங்கள்

சிட்டுவின் அம்மா கடைசியாக வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால்தான் அம்மா வேலை பார்க்கும் சட்டைக் கம்பெனி வரும். தங்குவதும் அங்கேயே. சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பது அம்மாவின் வேலை.

அம்மாவின் தலையணையில் இருந்த எண்ணெய் வாசனைகூடப் போய்விட்டது.

"தினம் மோந்து மோந்தே அதைத் தீர்த்துட்டே" என்று அப்பா கேலி செய்வார். கேலி செய்துவிட்டு, அவரும் ஒரு தடவை மோந்து பார்ப்பார்.

அம்மா லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். கம்பெனி ஆபீஸில் இருந்து பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கடிதத்தைப் படம் பிடித்து போனில் அனுப்பிவிடுவாள். ஐந்தாம் வகுப்புச் சிட்டுதான் அந்த வீட்டுக்கே பெரிய படிப்பாளி.

முதல் கடிதத்தில் 'சூன்' என்று இருந்தது.

"அப்படின்னா என்ன கண்ணு?"

"சீக்கிரம்னு அர்த்தம்பா. சீக்கிரம் லீவு தருவாங்களாம்."

அப்பா கொத்தனார். அன்றைக்கே வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்.

அடுத்த மாதம் இரண்டாவது கடிதம் வந்தது. அதில் 'ஷார்ட்லி'.

"வார்த்தை மாறிடுச்சு பாத்தியா? விஷயம் நகருது!" என்று துள்ளினார் அப்பா. வாசற்படியை இடித்துப் புதிதாகப் பூசினார்.

மூன்றாவது கடிதத்தில் 'பிஃபோர் லாங்'. அப்பா குளியலறைத் தரையில் கை வைத்தார்.

"இன்னும் ரெண்டு கடுதாசி வந்தா மாடியே கட்டிடுவீங்க போல" என்றாள் சிட்டு. சொன்னாளே தவிர, சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மூன்று வார்த்தைகளையும் நோட்டில் எழுதி, ஆங்கில டீச்சரிடம் நீட்டினாள்.

"டீச்சர், இதுல எது ரொம்பச் சீக்கிரம்?"

டீச்சர் சிரித்துவிட்டார். "மூணும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிங்க. சூன் எல்லார் வீட்டுக்கும் சும்மா வந்து போறவன். ஷார்ட்லி சட்டையை இன் பண்ணிட்டு ஆபீஸுக்குப் போறவன். பிஃபோர் லாங் கொஞ்சம் இழுத்துக் கதை சொல்ற ஆளு. ஆனா ஒருத்தன் கையிலயும் வாட்ச் கிடையாது."

"அப்போ எங்கம்மா எப்ப வருவாங்க?"

டீச்சரின் சிரிப்பு நின்றது. "அது இந்த வார்த்தைகளுக்குத் தெரியாதே, கண்ணு."

சிட்டு நோட்டை மூடினாள். வீடு வரைக்கும் கடிதம் எழுதிய அந்த ஆபீஸ்காரரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். பொய்க்காரர்! புளுகு மூட்டை!

"சிட்டு, கொஞ்சம் தண்ணி கொண்டா. சிமெண்ட் காயுது!" என்று அப்பா உள்ளே இருந்து கூப்பிட்டார்.

"இதோ வர்றேன்பா!"

கால் மணி நேரம் கழித்து அப்பாவே வாளியோடு போனார். "உன் 'இதோ' ரொம்ப நீளம்மா" என்றார்.

சிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் பொய்யா சொன்னேன்? கையில் வீட்டுப்பாடம் இருந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த ஆபீஸ்காரரும் அப்படித்தானோ? ஆயிரம் பேருக்குப் பதில் எழுத வேண்டுமே, பாவம்.

உட்கார்ந்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சின்னச் சின்னதாக எழுதினாள்.

'ஐயா, உங்களுக்கு நிறைய வேலை இருக்கும். அம்மாவுக்கு எந்தத் தேதியில் லீவு என்று மட்டும் எழுதுங்கள். தள்ளியிருந்தாலும் பரவாயில்லை. தேதி இருந்தால் நாங்கள் நாளை எண்ணிக்கொண்டு இருப்போம். இப்போது எதை எண்ணுவது என்று தெரியவில்லை.'

படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா ஆபீஸ் ஜன்னல் வழியாகப் போனை நீட்டினாளாம். ஆபீஸ்காரர் இரண்டு தடவை படித்தாராம். பெரிய ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினாராம்.

மறுநாள் சாயங்காலம் புதுக் கடிதம் வந்தது. ஒரே வரி. அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி முதல் பத்து நாள் லீவு.

அப்பா விரல் விட்டு எண்ணினார். முகம் தொங்கிவிட்டது. "இன்னும் நாப்பத்தோரு நாளா!"

"நாப்பத்தோரு நாள்தான்பா!" என்று குதித்தாள் சிட்டு.

உடனே அம்மாவைப் போனில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை, என் தங்கம்."

சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தேதியை மிஷின் மேல சாக்பீஸால எழுதி வைக்கப்போறேன். துணிகூட உரசவிட மாட்டேன்" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சிட்டு, பக்கத்து மிஷின் அக்கா இங்கதான் நிக்கிறா. அவ வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாச்சு. அவளுக்கும் ஒண்ணு எழுதித் தருவியான்னு கேக்குறா."

சிட்டு நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"தர்றேன்மா. அவங்க வீட்டுல யாரு காத்துக்கிட்டு இருக்காங்கன்னு முதல்ல கேட்டுச் சொல்லு."