மட் ஃப்ளாப் நேத்தே போட்டாச்சு!

ரெங்கம்மாவின் வலது கை இறுக மூடியிருந்தது.

விரல்களைப் பிரிக்க இரண்டு கான்ஸ்டபிள்கள் தேவைப்பட்டார்கள். உள்ளே... அரை அடி கறுப்பு ரப்பர்! வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தடுக்கத் தொங்கும் மட் ஃப்ளாப்பிலிருந்து கிழிந்த துண்டு.

ஷாதிபூர் இறக்கத்தில் விடியற்காலையில் இடித்தவன் நிறுத்தவில்லை. அவள் பிடித்த பிடியை விடவில்லை. முப்பது அடி இழுத்துப் போயிருக்கிறான், பாவி!

கச்சால் தீவில் சுனாமி அந்தக் குடும்பத்தில் மிச்சம் வைத்தது இரண்டே பேரை. மெக்கானிக் காத்தமுத்துவையும், அவன் தங்கச்சி ரெங்கம்மாவையும். ஐந்து வருஷம் கழித்து, இப்போது அவன் மட்டும்.

பத்து மணிக்கு, பக்கத்திலேயே ஜங்லிகாட்டில் தன் ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கினான்.

"தங்கச்சி பொணம் இன்னும் ஆஸ்பத்திரியில கெடக்கு... ஒனக்குக் கடை கேக்குதா?"

எதிர்க்கடை மரகதம் காறித் துப்பினாள்.

காத்தமுத்து டூல் பெட்டியைத் திறந்து வைத்தான். பிக்கப் வண்டிக்கு மட் ஃப்ளாப் ஸ்டாக் வைத்திருப்பது ஊரில் அவன் ஒருவன்தான். ஃப்ளாப் கிழிந்த வண்டிக்காரன் இங்கே வந்தே தீரவேண்டும். அவன் முகத்தைப் பார்க்காமல் தங்கச்சிக்குக் கொள்ளி வைப்பதில்லை!

பதினொன்றே கால்.

வெள்ளை பிக்கப் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சொக்கலிங்கம். சுனாமி வீடுகள் கட்டும் கான்ட்ராக்டர்.

"மிஸ்திரி! பின்னால ரெண்டு பக்கமும் புது மட் ஃப்ளாப். ஜல்தி!"

காத்தமுத்து குனிந்தான். இடது பக்கம் பாதி ஃப்ளாப்தான் தொங்கியது.

"எப்படி சார் கிழிஞ்சுது?"

"மாடு குறுக்க வந்திருச்சு."

"மாடு... ரப்பரையா கடிச்சுது?"

"கேள்வி கேக்காத! செக்போஸ்ட்ல ஒவ்வொரு வண்டியா குனிஞ்சு குனிஞ்சு பாக்குறானுங்க. சீக்கிரம்!"

வலது பக்கத்தை முதலில் ஆரம்பித்தான். அளவு பிடித்து, ட்ரில்லில் ஓட்டை போட்டு, வாஷர் கொடுத்து, போல்ட்டை முறுக்கி... அரை மணி நேரம் ஓட்டினான்!

"இடது பக்கம் என்னாச்சு?"

"உப்புக் காத்து சார். பழைய போல்ட் துருப்புடிச்சுக் கெடக்கு. மண்ணெண்ணெய் ஊத்தியிருக்கேன். ஊறணும்."

"அந்தத் துண்டைக் கழட்டி எங்கிட்ட குடு. நானே எரிச்சுக்கிறேன். அப்புறம்... யாரு கேட்டாலும் மட் ஃப்ளாப் நேத்தே போட்டாச்சுன்னு சொல்லணும். புரியுதா?"

ட்ர்ர்ரிங்...!

சுவரில் மாட்டியிருந்த போன் அலறியது. எடுத்தான். மறுமுனையில் எஸ்.ஐ. பிஸ்வாஸ். வங்காளி. காத்தமுத்துவிடம் அவர் பேசுவது ஹிந்தி மட்டும்தான். மட் ஃப்ளாப் எப்போது என்று கேட்டார்.

"போலீஸா?" சொக்கலிங்கம் ஸ்பானரைக் கையில் எடுத்தார். "நேத்துன்னு சொல்லு... இல்ல, மண்டை பொளந்துரும்!"

காத்தமுத்து ரிசீவரை வாயருகே கொண்டுபோனான்.

"கல், சாப்."

"கல்?"

"ஹாங் சாப். மட் ஃப்ளாப்... கல்."

லைன் கட்டானது.

"சபாஷ்! எனக்கும் ஹிந்தி தெரியும்டா. கல்னா நேத்து!"

நாலே நிமிஷம்... வாசலில் ஜீப்!

பிஸ்வாஸ் மண்டியிட்டார். ரெங்கம்மாவின் கையிலிருந்த துண்டைத் தொங்கிய பாதியோடு சேர்த்துப் பிடித்தார். கிழிசலோடு கிழிசல் கச்சிதமாகப் பொருந்தியது.

"டேய்! நேத்துன்னுதானே சொன்ன?" சொக்கலிங்கம் அலறினார்.

காலையிலிருந்து அழாத காத்தமுத்து இப்போது அழுதான்.

"செத்தது என் தங்கச்சி சார்! 'எவன் மட் ஃப்ளாப் கேட்டு வந்தாலும் நாளைக்கின்னு இழுத்தடி, நான் போன் பண்றப்ப கல்னு சொல்லு, வந்துடறேன்'னு பிணவறை வாசல்லயே சாப் சொல்லிட்டாரு. ஹிந்தியில நேத்தும் கல்தான்... நாளைக்கும் கல்தான்!"

க்ளிக்! விலங்கு பூட்டிக்கொண்டது.

காத்தமுத்து கண்ணைத் துடைத்தான்.

"கல்லும் கம்பியும் உங்க தொழில்தானே சார்? கல்லை நான் குடுத்துட்டேன்... கம்பியை உள்ள போயி எண்ணிக்கிடுங்க!"