இடதுபக்க முன்சீட்

காலையிலிருந்து மூன்று ஃப்யூஸ் போய்விட்டது. சாவியைப் போட்டுவிட்டு சும்மா நிறுத்தியிருந்த வண்டி, உள்ளே ஒரு ஆள் கிடையாது. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருபது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிகல் கடை நடத்தும் இன்பராஜுக்கு இது பிடிக்கவில்லை. ஷார்ட் சர்க்யூட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. குழியில் இறங்கினால் போகும், ஹாரன் அடித்தால் போகும், ஆள் ஏறி உட்கார்ந்தால் போகும். நிற்கிற வண்டிக்கு என்ன கேடு?

வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் பழைய கார் புரோக்கர் வாஹித் பாஷா. வெளியே புது சாம்பல் பெயிண்ட். உள்ளே எல்லா சீட்டிலும் பழைய துணி உறை, டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில் மட்டும் புத்தம்புதுத் தோல் உறை. ஒரே ஒரு சீட்டுக்கு மட்டும் எவனாவது தோல் போடுவானா என்று இன்பராஜ் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

"ஃப்யூஸ் மாத்தி மாத்தி பேஜாரா போச்சு இன்பா. ஜும்மா முடிஞ்சி வர்றேன். இன்னான்னு பாத்து வை."

"பாத்துட்டு ஒரு ட்ரையல் போய்ட்டு வந்துடறேன் பாய்."

மெக்கானிக் ட்ரையல் போகிறான் என்றால் பழுது பார்த்த வண்டியிலேயே சொந்த வேலையையும் முடித்துக்கொள்கிறான் என்று அர்த்தம். பாஷாவுக்கும் அது தெரியும், சிரித்துக்கொண்டே தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். இன்று இன்பராஜுக்கு இருந்த சொந்த வேலை, கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஜாஸ்மினை வேலூருக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போவது. ஏழாம் மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. பஸ்ஸில் குலுங்கவே கூடாது என்று பிடிவாதமாகச் சொன்னவர் அவர்தான்.

வெள்ளிக்கிழமை மதியம். பக்கத்து பஞ்சர் கடைக்காரர், எதிரே இருந்த டீக்கடைக்காரர் எல்லாரும் ஷட்டரை இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். எப்போதும் இரைகிற கம்ப்ரெஸர் ஓய்ந்ததும், ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு 'டக் டக்'கென்று தெறிப்பதும், பாலாற்றுப் பக்கமிருந்து தோல் பதனிடும் ஷெட்டுகளின் உப்பும் சுண்ணாம்பும் கலந்த வாடை வருவதும் அதிகமாகத் தெரிந்தன. பிறந்ததிலிருந்து பழகிய வாடைதான். இன்று மட்டும் அது காருக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

இன்பராஜ் போன ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒயரோடு ஒரு பல்பைச் செருகி, முன்கண்ணாடி ஓரத்தில் தொங்கவிட்டார். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். விலகினால் அணையும். வீணாக இன்னொரு ஃப்யூஸைப் பலிகொடுக்க வேண்டாம்.

பல்பு அணைந்தே இருந்தது. ஒவ்வொரு ஒயராக ஆட்டிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அந்தத் தோல் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பல்பு எரிந்தது. எழுந்தார். அணைந்தது. மறுபடி உட்கார்ந்தார். எரிந்தது.

"வந்தியா வழிக்கு!"

விஷயம் இவ்வளவுதான். சீட்டுக்கு அடியில் ஒரு ஒயர் தோலுரிந்திருக்கிறது. ஆள் பாரம் விழுந்தால் அது இரும்புச் சட்டத்தில் படுகிறது. பத்து நிமிஷ வேலை. அவர் சந்தோஷமாக இறங்கி, ஸ்பேனர் எடுக்க அலமாரிப் பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது பல்பு எரிந்துகொண்டிருந்தது.

சீட் காலியாக இருந்தது. பிறகு டேஷ்போர்டில் 'டிங்... டிங்... டிங்' என்று ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று வண்டி சொல்லும் சத்தம். சென்ஸாரும் கெட்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முழங்காலிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டு சென்ஸார் ஒயரைக் கழற்றினார். சத்தம் நிற்கவில்லை. இன்னும் உள்ளே துழாவியபோது விரலில் சின்னதாக ஒரு இரும்புத் துண்டு தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தார். டம்மி கிளிப். பெல்ட் போடாமலே பெல்ட் போட்டதாக வண்டியை ஏமாற்ற, பக்கிளில் சொருகி வைக்கிற வில்லை. அதன் மூலையில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு. தன் கடைச் சாமான் என்று தெரிவதற்காக, ஜாஸ்மினின் பாட்டிலிலிருந்து அவரே வைக்கிற பொட்டு.

இன்பராஜ் கதவு விளிம்பில் சாம்பல் பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், அடியில் வெள்ளை.

போன வருஷம் பக்ரீத்துக்கு முந்தின வாரம். அப்போது இது வெள்ளை வண்டி. புருஷன் ஓட்டினான். பக்கத்தில் அந்தப் பெண், வஜீதா. பெயரே பின்னால்தான் தெரிந்தது.

"பெல்ட் வயித்த அழுத்துதுண்ணா. போடலன்னா இது கத்திக்கினே இருக்குது."

"இத சொருகிக்கோம்மா. சத்தமே வராது. நிம்மதியா போய்ட்டு வாங்க."

நகம் வரை மருதாணி சிவந்த கையால் வாங்கி, அவளே சொருகிக்கொண்டு சிரித்தாள். நாலாம் நாள் மேம்பாலத்தில் லாரி. புருஷன் பிழைத்தான். அவள் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் விழுந்தாள். அவளுடைய ஜனாஸா ஊர்வலம் கடையைத் தாண்டிப் போனபோது இன்பராஜ் ஷட்டரைப் பாதி இறக்கித் தலைகுனிந்து நின்றார். ஊரில் எல்லாரும்தான் இதைப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் வேறொரு வண்டிக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தார். அந்த வெட்கத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

டிங். டிங். டிங்.

சீட்டின் நடுவில் தோல் மெல்லக் குழிந்தது. பக்கவாட்டில் சுருக்கம் விழுந்தது. கனமான ஆள் உட்கார இடம் சரிசெய்துகொள்வது போல. வாடையில் இப்போது மருதாணியும் கலந்திருந்தது.

இந்த வண்டி வேண்டாம். ஜாஸ்மின் இதைத் தொடவே கூடாது. கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பானெட்டைத் தூக்கி, பேட்டரி ஒயர் இரண்டையும் பிடுங்கி எறிந்தார். சத்தம் நின்றது.

பல்பு அணையவில்லை.

ரோட்டுக்கு ஓடினார். ஆட்டோ ஒன்றைப் பிடித்து, மகளை அதில் ஏற்றிவிட வேண்டும். ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட இல்லை. எல்லாரும் தொழுகையில் இருந்தார்கள். மூலைவரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பினார்.

வீட்டிலிருந்து ஷெட்டுக்கு வரும் பின்வாசலில் ஜாஸ்மினின் செருப்பு கிடந்தது.

அவள் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது.

"வெய்யில் தாங்கலப்பா. உள்ள ஏசி போட்ட மாதிரி ஜில்லுனு இருந்துச்சு. உக்காந்துட்டேன்."

"எறங்கு. எறங்கும்மா!"

"இருப்பா. பெல்ட்ட கழட்டணும்."

"நீ எதுக்கு போட்ட?"

"நான் போடல. உக்காந்ததும் அதுவா வந்துச்சு. புது மாடலுன்னு நெனச்சேன்." நெளிந்தாள். "டைட்டாவுது. அப்பா... டைட்டாவுதுப்பா."

பட்டை அவள் வயிற்றின்மேல் ஒரு விரற்கடை இறங்கியது. இன்னொரு விரற்கடை. இன்பராஜ் குனிந்து பக்கிளின் சிவப்புப் பட்டனை அழுத்தினார். அழுத்தினார். அழுத்தினார்.

'க்ளிக்.'

கையில் வந்தது டம்மி கிளிப். சிவப்புப் பொட்டு. சட்டைப் பையைத் தொட்டார். காலி.

அப்படியென்றால் பெல்ட் எதில் மாட்டியிருக்கிறது?

பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே போனார். மகளின் வயிற்றைத் தாண்டி. இடுப்பைத் தாண்டி. சீட்டுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருந்த இடுக்கில் அது இறங்கியது. எரிந்துகொண்டிருந்த பல்பு இன்னும் பளிச்சென்றது. அந்த வெளிச்சத்தில் பார்த்தார்.

புதுத் தோலின் தையல் பிரிந்திருந்தது. அதற்குள்ளிருந்து மணிக்கட்டுவரை வெளியே வந்திருந்த ஒரு கை, பெல்ட்டின் நுனியை இறுக்கிப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. நகம் வரை மருதாணி இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது.