கப்பலேறாத கடிதங்கள்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், டீச்சர் துறைமுகக் கிடங்கின் பூட்டைத் திறந்தாள். கடல் கடந்து போரிடும் சிப்பாய்களுக்கு ஊரார் கொடுக்கும் கடிதங்களையும் கம்பளிகளையும் அனுப்பிவைக்கும் சங்கத்தின் கிடங்கு அது. பொறுப்பாளர் அவள் கணவர்தான். அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் சாவியை எடுத்து வந்திருந்தாள்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிப்பாய் வந்திருந்தான். ஒரு கால் இல்லை. அவள் தம்பியோடு ஒரே கூடாரத்தில் இருந்தவனாம்.

"போன மாசம் காய்ச்சல்ல போயிட்டான்க்கா. கடைசி வரைக்கும் ஒரே புலம்பல். 'எங்கக்காகூட என்னை மறந்துட்டாளே'ன்னு."

மறப்பதா? ஒன்றரை வருஷமாக வாரம் தவறாமல் எழுதினாளே! எழுதத் தெரியாத தாய்மாருக்கெல்லாம்கூட அவளே எழுதிக் கொடுத்தாள். எல்லாமே கணவர் கையில்தான். "எம்மகன் கடிதமே வரலைன்னு எழுதுறானே" என்று யாராவது கேட்டால், "கப்பல் தாமதம்மா" என்று சிரித்தே சமாளித்துவிடுவார். தம்பியோ ரோஷக்காரன். போனதும் ஒரு கடிதம் போட்டான், பதில் இல்லையென்றதும் அதோடு சரி.

உள்ளே கம்பளி அடுக்கும் தட்டுகள் துடைத்துவிட்டாற்போல் கிடந்தன. பின்சுவரில் கூரை வரைக்கும் சாக்கு மூட்டைகள். ஒன்றை அவிழ்த்தாள்.

அவளுடைய கையெழுத்து.

அத்தனை உறைகளும் பிரிக்கப்பட்டிருந்தன. தாள்கள் ஈரமாக இருந்தன. ஓரங்களில் சேறு படிந்த விரல்தடங்கள். மருந்து நெடியும் கருகிய மண் வாசமும் குப்பென்று அடித்தன.

மூட்டைகளுக்குப் பின்னால் இருட்டில் ஏதோ சரசரத்தது.

யாரோ தாளைத் திருப்பினார்கள்.

"இதெல்லாம் எனக்கு எழுதினதாக்கா?"

தம்பியின் குரல்.

"உனக்குத்தான்டா, கண்ணு."

"இருட்டுல எழுத்து தெரியலக்கா. யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லு."

"எனக்கும்..." என்றது வேறொரு குரல்.

"எனக்கும்."

"எனக்கும்."

கிடங்கு முழுக்க அந்த முணுமுணுப்பு பரவியபோது, வாசலில் கணவர் மூச்சிரைக்க வந்து நின்றார். குரல்கள் சட்டென்று அடங்கின.

"இங்க என்ன வேலை உனக்கு?"

"கம்பளியெல்லாம் எங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "வித்துட்டேன்."

"கடிதத்தையாவது அனுப்பியிருக்கலாமே?"

"எல்லார் கடிதத்துலயும் கம்பளி அனுப்பியிருக்கோம்னுதானே எழுதுறீங்க? வரலையேன்னு கேட்டுடுவாங்க."

"என் தம்பிக்கு எழுதினதுமா?"

"கம்பளி வரலைன்னு அவன்தான் முதல்ல உனக்கு எழுதுவான்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! குழம்பில் உப்பு குறைவு என்று சொல்கிற அதே குரல். இத்தனை வாரமும் அவள் உறை ஒட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "என்னையும் விசாரிச்சதா எழுது" என்று சொன்ன மனுஷன் இவர்.

ஒரு கடிதத்தை எடுத்து அவர் நெஞ்சில் அழுத்தினாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரை ஒருமையில் கூப்பிட்டாள்.

"படி. எல்லாத்தையும் நீயே அவங்களுக்குப் படி."

"யாருக்கு?"

அவள் வெளியே வந்து கதவைப் பூட்டினாள். உள்ளே அவர் கதவைத் தட்டினார், திட்டினார். பிறகு ஒரே ஒரு அலறல். அதற்குப் பின், திக்கித் திக்கிப் படிக்கும் சத்தம்.

டீச்சர் வீடு வீடாகப் போனாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஏழெட்டுத் தாய்மார் அவள் பின்னால் கிடங்குக்கு வந்துவிட்டார்கள். கம்மிப்போன குரல் இன்னும் உள்ளே படித்துக்கொண்டிருந்தது: "...உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மா."

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது அவள் சொல்லி எழுதிய கடிதம்.

டீச்சர் கதவைத் திறந்து விளக்கை உயர்த்தினாள்.

கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு நேரே விரித்த தாள். படித்து முடித்ததும் அது நகர்ந்தது. அடுத்தது வந்தது.

அவருடைய இரண்டு கைகளும் காதுகளைப் பொத்தியிருந்தன.