நின்றால் மட்டும் தட்டும்

மாப்பிள்ளை காரை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது மெக்கானிக் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார். பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட். டிக்கி மூடி மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கருத்திருந்தது.

தெருவில் அவருக்குச் ‘சந்தேகம்’ என்றுதான் பெயர். தன் கையால் முடுக்காத போல்ட்டை நம்பாத மனுஷன். மகளுக்கு நிறைமாதம். இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அதற்கென்றே மாப்பிள்ளை ஒரு வார்த்தை கேட்காமல் இந்த வண்டியை வாங்கிவிட்டான். மகள் முன்சீட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். துணிப்பை அவள் காலடியில் கிடந்தது.

“பையை டிக்கியில போட்டா என்ன?”

“டிக்கி திறக்க மாட்டேங்குது மாமா. அத விடுங்க. ஓடும்போது ஒண்ணும் இல்ல, சிக்னல்ல நின்னா மட்டும் கடகடன்னு ஒரு சத்தம்.”

“வாங்கும்போது காது எங்க போச்சு?”

“புரோக்கர்தான் மாமா... பொம்பள ஓட்டின வண்டி, அலுங்காம வச்சிருந்தாங்கன்னு.”

“இதுவரைக்கும் ஆம்பள ஓட்டின வண்டி ஒண்ணுகூட விலைக்கு வந்ததில்ல மாப்ள. அந்தப் பொம்பள எங்க?”

“ஊரை விட்டே போயிட்டாங்களாம். புருஷன்தான் வித்தாரு.”

மகள் சிரித்தாள். “அப்பா, கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே அவர வறுக்காதீங்க.”

மெக்கானிக் பானட்டைத் தூக்கினார். பெல்ட்டைக் கழற்றி ஸ்டார்ட் செய்தார். சத்தம் போகவில்லை. நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. இன்ஜினை நிறுத்திப் பெல்ட்டை மாட்டிவிட்டு, மகளை இறக்கி ஸ்டூலில் உட்காரவைத்து, வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முட்டுக் கொடுத்து அடியில் படுத்தார். சைலன்ஸர் குழாய்க்கு மேலே சூடு தடுக்கும் தகரம் போல்ட் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. இழுத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினார்.

மாப்பிள்ளையை உட்காரவைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கடகடப்பு நின்றிருந்தது.

அது நின்ற பிறகுதான் அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

சற்று நேரம் ஒன்றுமில்லை.

டக்.

இன்ஜின் சத்தம் சுற்றுக்குச் சுற்று வரும். இது அப்படி வரவில்லை. காத்திருந்து காத்திருந்து வந்தது. வண்டியை இறக்கிவிட்டு மாப்பிள்ளையிடம், “ரேஸ் குடுங்க” என்றார். இன்ஜின் உறுமியது. சத்தம் நின்றது.

“விடுங்க.”

டக். டக். டக். டக்.

முன்கதவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார், தூரத்தில் இருந்தது. பின்கதவில் கிட்டே வந்தது. டிக்கி மூடியில் வைத்தார்.

சத்தம் நின்றுவிட்டது.

தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ காதை ஒட்டவைத்து இவரைக் கேட்பது போல் இருந்தது. பிறகு மூச்சு. மெல்லிய, அவசரமான மூச்சு.

அவர் ஸ்க்ரூ டிரைவரை மெல்லக் கீழே இறக்கினார். ஓடுகிற வண்டியில் தட்டி என்ன பிரயோஜனம்? யாருக்குக் கேட்கும்? வண்டி நின்றால்தான் பக்கத்தில் ஆள் இருக்கும். நின்றால்தான் தட்ட வேண்டும். கிளம்பிவிட்டது என்று தெரிந்தால் அடங்கிவிட வேண்டும், அடுத்த சிக்னல் வரைக்கும்.

பூட்டை நெம்பித் திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை. நாள்பட்ட சைலன்ஸர் புகை நாற்றம் மட்டும் குப்பென்று வந்தது. மூடியின் உட்பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்க மறந்திருந்தார்கள். பூட்டைச் சுற்றிலும் நகத்தால் பிறாண்டிய கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. பூட்டின் கொக்கியில் நீளமான ஒற்றை முடி சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

யாரையும் நம்பாத மனுஷன் தன்னை அறியாமல் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“வெளிய வந்துடும்மா.”

“யாரப்பா கூப்பிடுறீங்க?”

திரும்பினார். மகள் எப்போது எழுந்து வந்தாளோ, டிக்கி விளிம்பைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். ஒரு குளிர்ந்த காற்று டிக்கிக்குள்ளிருந்து எழுந்து அவள் சேலையை அசைத்தது. அவள் உடம்பு ஒருதரம் உதறியது. கை தானாக வயிற்றுக்குப் போனது.

“ஒண்ணுமில்லம்மா. நீ தள்ளி நில்லு.”

மூடியை அறைந்து சாத்தினார். இன்ஜின் ரேஸ் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. தட்டல் இல்லை.

“பாத்தீங்களா மாமா, நீங்க கை வச்சதும் அடங்கிடுச்சு!” மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான்.

“இந்த வண்டி இங்கேயே கிடக்கட்டும். போலீஸ்ல சொல்லணும். ரெண்டு பேரும் என் வண்டியில ஏறுங்க.”

“என்ன மாமா, என்ன ஆச்சு?”

“ஏறுங்கன்னேன்.”

அவருடைய கார் அவர் கையால் கழற்றி, அவர் கையால் பூட்டியது. அதில் அவருக்குத் தெரியாமல் ஒரு வாஷர்கூடக் கிடையாது. மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள், மாப்பிள்ளை பின்னால். கார் கிளம்பியது. காற்று முகத்தில் பட்டபோது அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

முதல் சிக்னலில் சிவப்பு. நிறுத்தினார். இன்ஜின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் வயிற்றைத் தடவிச் சிரித்தாள்.

“அப்பா, உங்க பேரப்பிள்ளைக்கு அவசரம். பாருங்க, எப்படி உதைக்குதுன்னு.”

அவர் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

மூன்று உதை.

சற்று நேரம் ஒன்றுமில்லை.

ஒரு உதை.

“வேடிக்கையைப் பாருங்கப்பா. ஓடும்போதெல்லாம் சும்மா கிடந்துச்சு. வண்டி நின்னதும் தட்டுது.”

அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தார். இன்ஜின் உறுமியது.

“அட, அடங்கிடுச்சு” என்றாள் மகள்.

விளக்கு இன்னும் சிவப்பில்தான் இருந்தது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.