பட்டுப்பெட்டியில் சிந்திய மை

அஞ்சலீனா பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து பெட்டியை ஸ்ரீதரனின் மேசையில் வைத்தாள். தாள், பேனா, மைப்போத்தல் எல்லாம் வைக்க அவளே செய்தது. மாற்றலாகிப் போகும் யோசெப் சுவாமிக்குத் தேவாலயப் பங்கு மக்களின் பரிசு. வெளியே நீலப்பட்டு, மூடியில் முத்து வேலை. உள்ளே மைப்போத்தல் உடைந்து, வெள்ளை வெல்வெட் முழுக்கக் கறுப்பு மை.

"உடைச்சது என்ர மச்சாள் ஜென்சிதான்."

வந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி அலுமாரியை விட்டு அசையவில்லையாம். ஞாயிறு தேத்தண்ணிக்கு வந்த ஜென்சி மட்டுமே அந்த அறையில் தனியே இருந்தாளாம். இனி வீட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லியும் விட்டாளாம். கூட வந்த கணவன் அருமைராசா, தன் தங்கை மேல் விழும் பழியைக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

காப்புறுதி நிறுவனமொன்றில் சேதங்களை ஆராய்வது ஸ்ரீதரனின் வேலை. அவருடன் வேலை செய்யும் கௌரி, ஜென்சியின் விரலில் மைக்கறை இருந்ததா என்று ஆவலாய்க் கேட்டாள். கழுவியிருப்பாள் என்று அஞ்சலீனா சலித்துக்கொண்டாள்.

ஸ்ரீதரன் போத்தலைத் திருப்பிப் பார்த்தார். மூடி இறுக்கமாகவே இருந்தது. கண்ணாடி நெடுக வெடித்திருந்தது. ஒரு சில்லுகூட விலகவில்லை.

"அடிச்சு உடைச்சிருந்தால் சில்லுச் சிதறியிருக்கும். இது உள்ளுக்கிருந்து வெடிச்சது. குளிரில மை உறைஞ்சு பொங்கியிருக்கு. சூடு போட்ட வீட்டில மை உறையுமோ?"

"அப்ப பெட்டி வெளியில கிடந்திருக்கு, அண்ணை. காருக்குள்ள!" என்றாள் கௌரி.

ஸ்ரீதரன் அருமைராசாவைப் பார்த்தார். அவன் தலை குனிந்தபடி சொன்னான்: சனிக்கிழமை பெட்டியை லவால் நகரிலுள்ள சிநேகிதர்களிடம் கொண்டுபோயிருக்கிறான், இரவு அதைக் காரிலேயே மறந்துவிட்டு, விடிய மனைவி எழும்ப முன் அலுமாரியில் வைத்திருக்கிறான்.

"வைக்கேக்க ஒழுகேல்லை. அதால நானும் ஜென்சிதான் எண்டு நினைச்சன்."

"உறைஞ்ச மை ஒழுகாது. வீட்டுச் சூட்டில இளகினாப் பிறகுதான் ஒழுகினது. அந்த நேரம் பார்த்து ஜென்சி வந்திட்டா, அவ்வளவுதான். நீங்கள் கொண்டுபோனதை முதலே சொல்லியிருந்தால் இந்தச் சண்டையே வந்திராது."

அஞ்சலீனா கதிரையில் இருந்தாள்.

"அங்க ஏன் கொண்டு போனனீங்கள்?"

"நீ அவ்வளவு வடிவாச் செய்திருந்தாய். ஆருக்கும் காட்டோணும் போல இருந்தது."

"லவாலில இருக்கிறவைக்குச் சொல்லத் தெரியுது. எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை."

அவன் தங்கையின் நம்பரை அழுத்தினான். மணி போவது எல்லோருக்கும் கேட்டது. மறுமுனையில் எடுத்ததும் அஞ்சலீனா எழும்பி, அவன் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"ஜென்சி, நான்தான். வைச்சிடாதை."